"லேடி டொக்டர் ஓடின கார்" எண்டால் நம்பி அட்வான்ஸ் குடுக்கலாமோ?

கேள்வி: அண்ணை, நான் சங்கானைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில ரீச்சர். மனுசன் கூட்டுறவுச் சங்கத்தில வேலை, பிள்ளையள் ரெண்டு பேர். அம்மாவைக் கிழமைக்கு ரெண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும், ஓட்டோக் காசு கட்டிக் களைச்சுப் போனம். கையில 28 லட்சம் இருக்கு, கனடாவில இருக்கிற அண்ணா 4 லட்சம் தாறன் எண்டவர். மானிப்பாயில ஒரு 2014 அல்ரோ பாத்தம், 30 லட்சம், முத்து வெள்ளை, புதுசு மாதிரி, 52,000 கிலோமீற்றர்தான் ஓடினது, லேடி டொக்டர் ஓடின கார் எண்டு விக்கிறவர் சொல்லுறார். கொழும்பில ஒரு 2000ஆம் ஆண்டு நிசான் மார்ச், ஓட்டோ கியர், 22 லட்சம் எண்டு மனுசன் கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறார். அண்ணா சொல்லுறார் வாகன் ஆர் எடு, மிச்சத்துக்கு லீசிங் போடு எண்டு. அல்ரோக்காரர் வேற ஆக்கள் வருகினம், நாளைக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் தாங்கோ எண்டு நிக்கிறார். எதை எடுக்கிறது?

பதில்:

ரீச்சர், முதல்ல அந்த ஒரு லட்சத்தை அலுமாரிக்குள்ள திருப்பி வையுங்கோ. வேற ஆக்கள் வருகினமெண்டால் வரட்டும், வாங்கட்டும், அல்ரோ எண்டது இலங்கையில கடைசிக் கார் இல்லை. நான் கராச் வைச்சு முப்பது வருசமாகுது, இந்த "வேற ஆக்கள்" வராத கார் ஒண்டையும் இன்னும் காணேல்லை. அட்வான்ஸ் குடுத்த கையோட உங்கட கண் மாறிப்போகும், அதுதான் பிரச்சினை. பேந்து நான் வந்து கீழ குனிஞ்சு உதில கறள் இருக்கு எண்டு சொன்னாலும், "அது சின்னக் கறள்தானே அண்ணை" எண்டு எனக்கே நீங்கள் நியாயம் சொல்லுவியள். கனபேர் சொன்னவை.

அடுத்தது அந்த லேடி டொக்டர். விக்கிற ஆக்கள் சொல்லுறதெல்லாம் உண்மையெண்டால் யாழ்ப்பாணத்தில வருத்தக்காரரைவிட டொக்டர்மார்தான் கூட இருக்க வேணும். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு தம்பி இப்பிடித்தான் டொக்டர் ஓடின கார் எண்டு ஒண்டை வாங்கிப்போட்டு, வாங்கினாப் பிறகு, கவனியுங்கோ வாங்கினாப் பிறகு, என்னட்டக் கொண்டு வந்தவர். மீற்றரில 68,000. கதவைத் திறந்து பாத்தன், கிளச் பெடலில இருக்கிற றப்பர் வழுக்கல் பாறை மாதிரித் தேஞ்சு ஓரத்தில இரும்பு தெரியுது, ஸ்ரியரிங் ரெண்டு பக்கமும் எண்ணெய் பூசின மாதிரி மினுங்குது, டிறைவர் சீற்றின்ர இடப்பக்கம் மாதிரி இல்லை வலப்பக்கம், குழி விழுந்து கிடக்கு. 68,000 ஓடின காருக்கு இதொண்டும் வராது. பேந்து எயார் ஃபில்ரர் பெட்டியைக் கழட்டினால் அதின்ர பக்கத்தில, துடைக்க மறந்துபோன இடத்தில, ஒயில் மாத்தின ஸ்ரிக்கர் ஒண்டு, பேனையால எழுதியிருக்கு, அடுத்த ஒயில் 142,000 எண்டு. தம்பி கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை, பிளேன்ரீ ஒண்டு ஊத்திக் குடுத்தன்.

அதுக்காக உங்கட அல்ரோவின்ர 52,000 பொய் எண்டும் நான் சொல்லேல்லை. பத்து வருசத்துக்கு மேல ஒராள் வீடு, ஆஸ்பத்திரி, வீடு எண்டு ஓடினால் அவ்வளவுதான் வரவும் கூடும். மீற்றரைப் பாத்து நம்பாதேங்கோ, மீற்றரோட மற்றச் சாமானெல்லாம் ஒத்துப்போகுதோ எண்டு பாருங்கோ எண்டுதான் சொல்லுறன். பெடல் றப்பர், சீற், கியர்த் தடியின்ர தலை, சேர்விஸ் புத்தகம். இன்னொண்டு ரயர். ரயரின்ர பக்கத்தில சின்னதா நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டு இருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்த ரயர். ரோட்டில படுற பூ வெட்டு நல்லா இருந்தாலும் ஆறேழு வருசம் கடந்த ரயரெண்டால் நாலையும் மாத்திற காசை விலையில கழிக்கச் சொல்லிக் கேளுங்கோ.

விலையைக் கேட்டு நீங்கள் மலைச்சுப் போயிருக்கிறது விளங்குது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில, அந்த அஞ்சு வருசமும் இருந்த கார்தான் கை மாறிக் கை மாறி ஓடினது. ஷோரூமில புதுசா எடுத்த விலையைவிடப் பழசுக்குக் கூடக் குடுத்து வாங்கின கூத்தெல்லாம் நடந்தது. திறந்தாப் பிறகும் வரி அப்பிடி எண்டபடியால் எங்கட மாதிரிச் சனத்துக்குப் பழங்கார்தான். அதால "இந்த விலைக்கு நல்லாத்தான் இருக்கும்" எண்ட நினைப்பை விடுங்கோ. 30 லட்சம் குடுக்கிறது காரின்ர தரத்துக்கு இல்லை, காலத்துக்கு.

இப்ப மூண்டு காரையும் பற்றி. அண்ணான்ர வாகன் ஆர் நல்ல வாகனம்தான், உள்ளுக்க இடம் தாராளம், அம்மாவை ஏத்தி இறக்கச் சுகம், அதில பிழை சொல்லேலாது. ஆனால் உங்கட காசுக்கு மேல அரைவாசியளவு லீசிங் போட வேண்டி வரும், ஒரு ரீச்சர் சம்பளமும் ஒரு கூட்டுறவுச் சம்பளமும் இருக்கிற வீட்டில மாதாமாதம் அந்தக் கட்டுக்காசைக் கனடாவில இருந்து அண்ணா கட்டப்போறாரோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. லீசிங் முடியுமட்டும் காரின்ர முழு உரிமையாளர் எண்டு பதிவுப் புத்தகத்தில கிடக்கிறது கொம்பனியின்ர பேர். ரெண்டு மூண்டு மாசம் பிந்தினால் காரைத் தூக்க வருவினம், அயல் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்கும்.

மார்ச்சைப் பற்றி உங்கட மனுசனோட நான் சண்டை பிடிக்க விரும்பேல்லை. அந்த மொடல் கே 11 எண்டுறது, ஆயிரம் சிசி எஞ்சின் நல்ல எஞ்சின், மனுவல் கியரெண்டால் நானே வாங்குங்கோ எண்டு சொல்லியிருப்பன். ஓட்டோ எண்டபடியால்தான் யோசிக்கிறன், அதில கனக்க வந்தது சிவிரி கியர், பல்லுச்சில்லுக்குப் பதிலாப் பெல்ற்றில மாறுறது, மின்காந்தக் கிளச்சோட வேலை செய்யிறது, இருபத்தஞ்சு வருசப் பழசில அது எப்ப உதறத் தொடங்கும் எண்டு கடவுளுக்கும் தெரியாது. வெள்ளெனக் குளிருக்க ஓடிப்பாத்தால் பட்டு மாதிரிப் போகும். அரை மணித்தியாலம் ரவுணுக்க நிண்டு நிண்டு ஓடி, சூடேறி, சந்தியில நிண்டு வெளிக்கிடேக்க ஒரு நடுக்கம் நடுங்கும் பாருங்கோ, அதுதான். அதுக்குச் சாமான் தேடிக் கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில கடை கடையா ஏறி இறங்க வேணும், யாழ்ப்பாணத்தில அதைத் திறக்கத் தெரிஞ்ச கையும் கொஞ்சம்தான். இன்னுமொண்டு, கொழும்புக் கார் எண்டால் வெள்ளத்தில நிண்டதோ எண்டும் பாக்க வேணும், 2016 மே மாசம் களனி கங்கை பெருகேக்க எத்தினை கார் கூரை தெரிய நிண்டது. சீற் பெல்ற்றைக் கடைசி மட்டும் இழுத்துப் பாத்தால் அடியில சேத்துக்கோடு நிக்கும், அதை ஒருத்தரும் கழுவிறேல்லை.

அல்ரோ பிளேன் கார். 796 சிசி, மூண்டு சிலிண்டர், மூண்டு பேர் ஏறி ஏசியைப் போட்டால் கொஞ்சம் மூச்சு வாங்கும். மழைக்கு ஒழுகாத ஓட்டோ எண்டு பெடியள் பகிடி பண்ணுவாங்கள். ஆனால் இதுக்குச் சாமான் எல்லா இடமும் கிடைக்கும், எந்தக் கராசிலயும் திறப்பாங்கள், பெற்றோலும் குறைய. சங்கானையில இருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர இது காணும். பவர் ஸ்ரியரிங் இருக்கோ எண்டு கேளுங்கோ, இல்லாததும் இருக்கு. எயார்பாக்கும் எல்லா அல்ரோவிலயும் இல்லை, பிள்ளையள் ஏறுற கார், அதையும் கேளுங்கோ. ரைமிங் பெல்ற், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடப் பண்ணுற பெல்ற், எப்ப மாத்தினது எண்டதுக்கு விக்கிறவர் திக்கித் திணறினால் வாங்கின கையோட மாத்திறதுக்குக் காசு வையுங்கோ, அது அறுந்தால் கார் நிண்ட இடத்திலதான் நிக்கும். ஆக மூண்டுக்குள்ள நான் அல்ரோ பக்கம்தான். ஆனால் அல்ரோவோ எண்டு கேட்டால் ஓம், இந்த அல்ரோவோ எண்டு கேட்டால் இன்னும் தெரியாது.

ஏன் தெரியாது எண்டால், எங்கட ஊர்க் காருக்கு எங்கட ஊர் வருத்தங்கள் இருக்கு, அதைக் கொழும்பில இருந்து ஆலோசனை சொல்லுற ஆக்கள் சொல்லமாட்டினம். உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரின் கேம்பிறிச்சும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடின ஊர் இது. காபரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு பிடிக்க மண்ணெண்ணெய்க்கு மாத்தி, பின்னால புகை கோயில் திருவிழா மாதிரி. நான் வேலை பழகினதே அந்தக் காலத்திலதான். சாமான் வராது, அதால பழுதானதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அது இல்லாமலே ஓடப் பண்ணுறதுதான் கெட்டித்தனம். எங்களைக் காப்பாத்தின கெட்டித்தனம் அது, நான் குறை சொல்லமாட்டன். ஆனால் அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகேல்லை. கொம்பியூற்றர் வைச்ச காரிலயும், எஞ்சின் தண்ணியை ரேடியேற்றருக்குத் திறந்து விடுற தேர்மோஸ்ராட் வால்வு இறுகினால் புதுசு போடாமல் கழட்டி எறியிறது, ஃபான் ஸ்விச் வேலை செய்யாட்டில் வயரை இழுத்து நேர குடுக்கிறது. அந்த வால்வு 80 பாகை தாண்டினால்தான் திறக்கும், அது இல்லையெண்டால் எஞ்சின் சூடேறாது, கொம்பியூற்றர் எஞ்சின் இன்னும் குளிர் எண்டு நினைச்சுப் பெற்றோலை ஊத்திக்கொண்டே இருக்கும், பேந்து என்னட்ட வந்து "அண்ணை லீற்றருக்குப் பத்துத்தான் ஓடுது" எண்டு அழுவினம். சாவியைத் திருப்பின உடன, எஞ்சின் பச்சைக் குளிரா இருக்கேக்கையே, ஏசியும் போடாமல் ஃபான் சுத்தத் தொடங்கினால் அங்க ஆரோ கைவைச்சிருக்கிறாங்கள். அதை மட்டும் நீங்களே பாக்கலாம், மெக்கானிக் பாசை தெரிய வேண்டியதில்லை.

தண்ணி அடுத்தது. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, கேத்திலுக்கடியில வெள்ளையாப் படியுதே, அதையே ரேடியேற்றருக்குள்ள விட்டால் அங்கயும் படியும், குழாயெல்லாம் அடைச்சு ஒரு நாள் ஆனையிறவு தாண்டிப் போகேக்க ஆவி பறக்கும், எஞ்சின் தலைக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு, ஹெட் கஸ்கற், போகும். எஞ்சினைக் குளிராக்கிற கூலன்ற் விடுறதுக்குப் பதிலாக் கிணத்தில ஒரு போத்தல் அள்ளி ஊத்துறவை எங்கட ஆக்களில கனபேர். எஞ்சின் ஆறியிருக்கேக்க மட்டும், சூட்டில திறந்து முகத்தை அவிச்சுப்போடாதேங்கோ, ரேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளுக்க விரலைவிட்டுப் பாருங்கோ. பச்சையோ சிவப்போ நிறமான கூலன்ற் எண்டால் சந்தோசம். வெறுந்தண்ணி, வெள்ளை மா மாதிரிப் படிவு, இல்லாட்டிக் கறள் நிறம் எண்டால் அந்தக் கார் பற்றி விக்கிறவர் சொன்ன மற்றக் கதையளையும் குறைச்சுத்தான் நம்ப வேணும்.

மூண்டாவது உப்பு. மானிப்பாயில கார் நிக்குது எண்டதால அது மானிப்பாய்க் கார் ஆகாது, முதல் சொந்தக்காரர் ஊர்காவற்றுறையோ காரைநகரோ, தினம் பண்ணைப் பாலத்தால வந்து போனவரோ எண்டு கேளுங்கோ. கடல்காத்துப் பட்ட கார் மேல மினுங்கும், கீழ பொரிஞ்சிருக்கும். நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், நிறம் "முத்து வெள்ளை, புதுசு மாதிரி" எண்டு எழுதியிருக்கிறியள். அதுதான் எனக்குப் பயம். ஒரு 2014 கார் ஏன் புதுசு மாதிரி மினுங்க வேணும்? ஆரோ கிட்டடியில பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள், ஏன் அடிச்சவங்கள் எண்டதுதான் கேள்வி. சின்னக் காந்தத் துண்டொண்டைத் துணியில சுத்திக் கதவின்ர கீழ்ப்பக்கம், மட்காட் ஓரம் எல்லாம் வைச்சுப் பாருங்கோ, பிடிக்க வேண்டிய இடத்தில பிடிக்காமல் வழுக்கி விழுந்தால் உள்ளுக்க தகரம் இல்லை, ஓட்டையை அடைச்சுப் பூசின பட்டி. டிக்கியைத் திறந்து ஸ்பெயார் வீலைத் தூக்கி அதின்ர பள்ளத்தைப் பாருங்கோ. முன்சீற்றுக்குக் கீழ கார்பெற்றைக் கிளப்பிப் பாருங்கோ, விக்கிறவர் முகத்தைச் சுழிச்சாலும் பறவாயில்லை. கண்ணாடியளின்ர மூலையில கொம்பனி முத்திரை இருக்கும், எல்லாத்திலயும் ஒண்டாயிருந்து ஒண்டில மட்டும் வேறயெண்டால் அந்தப் பக்கம் எங்கயோ இடிபட்டிருக்கு.

விக்கிறவரிட்ட வலுவேஷன் ரிப்போட் இருக்கு, புகை ரெஸ்ற் பாஸ் எண்டு காட்டுவார். வலுவேஷன் எண்டது பாங்குக்கு விலை சொல்லுற கடதாசி, அதுக்காக வாறவர் எஞ்சினைத் திறந்து பாக்கிறேல்லை. புகை ரெஸ்ற் புகையைத்தான் பாக்கும். ரெண்டும் தேவையானதுதான், ஆனால் ரெண்டும் சேந்தாலும் மெக்கானிக் ஒருத்தன் ஒரு மணித்தியாலம் பாக்கிறதுக்கு ஈடில்லை.

இனிப் பேப்பர். இதில நானே அடிபட்டனான். 2010இல, சண்டை முடிஞ்சு ஏ9 பாதை திறந்து தெற்கில இருந்து வாகனம் மளமளவெண்டு வரேக்க நானும் ஒரு லான்சர் வாங்கினன். காரைத் தட்டித் தடவி எல்லாம் பாத்தன், மெக்கானிக் எல்லோ, புத்தகத்தை மட்டும் வடிவாப் பாக்கேல்லை. ஓப்பின் பேப்பர், பேர் மாத்தாமலே கை மாறி வந்த கார். வித்தவர் சொந்தக்காரர் இல்லை, அவருக்கு முதல் வித்தவரும் இல்லை, புத்தகத்தில இருந்த மனுசன் குருநாகல் பக்கம், செத்து ஒரு வருசம். அந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடிச்சு, சிங்களமும் எனக்கு அரைகுறை, கையெழுத்து எடுக்க ஒண்டரை வருசம் போனது, அதுக்குள்ள அந்தக் காரை விக்கவும் ஏலாது வைச்சிருக்கவும் பயம்.

எங்கட ஊரில இது இன்னொரு வடிவத்தில வரும், "சொந்தக்காரர் கனடாவில, நான் அவற்ற மச்சான், பேப்பர் எல்லாம் கையெழுத்து வைச்சுத்தான் போனவர்" எண்டு. மச்சானிட்ட அற்றோணித் தத்துவம் இருக்கோ, அதில வாகனம் விக்க அதிகாரம் எழுதியிருக்கோ, பாருங்கோ. இல்லையெண்டால் வெளிக்கிட்டு வாங்கோ. அந்த லேடி டொக்டர் உண்மையிலயே இருக்கிறாவெண்டால் புத்தகத்தில அவவின்ர பேர் இருக்கும்தானே? அவவின்ர ஐடென்ரி காட்டோட ஒத்துப் பாருங்கோ. முழு உரிமையாளர் எண்ட இடத்தில ஏதாவது லீசிங் கொம்பனியின்ர பேர் கிடந்தால் அது கட்டி முடிஞ்சு நீக்கினாப் பிறகுதான் கதை. எஞ்சின் நம்பர், சேசி நம்பர் ரெண்டையும் புத்தகத்தோட ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கோ, ரீச்சர்மாருக்குப் பேப்பர் திருத்திற கண் இருக்கு, அதை இங்க பாவியுங்கோ. முழுக்காசும் குடுக்கிற அண்டைக்கே பேர் மாத்திற எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 ரெண்டு படிவமும் திகதியோட நிரப்பிக் கையெழுத்தாக வேணும். "திகதியை வெறுமையா விடுங்கோ, பிறகு ஆறுதலாப் பேர் மாத்தலாம்" எண்டு விக்கிறவை சொல்லுவினம். ஆறுதலாவெல்லாம் மாத்தப்படாது, அந்தக் கிழமையே குடுத்துப்போடுங்கோ.

காசுக் கணக்கும் ஒருக்காச் சொல்லிப்போடுறன். 32 லட்சம் இருக்கெண்டால் உங்களிட்ட 32 லட்சத்துக் கார் வாங்கக் காசு இல்லை, 28 அல்லது 29 லட்சத்துக் கார் வாங்கத்தான் காசு. மிச்சம் பேர் மாத்த, இன்சூரன்சுக்கு, பெல்ற், ஒயில், பற்றறி, ரயர் எண்டு முதல் மூண்டு மாசத்துக்குள்ளயே பறக்கும். அதால 30 எண்டவரிட்ட, கார் நல்லாயிருந்தாலும், ரயரையும் பெல்ற்றையும் காட்டி இறக்குங்கோ. இறங்குவினம்.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் போங்கோ. முதல் நாள் போன் எடுக்கேக்க ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, நாங்கள் வரும் மட்டும் ஸ்ராட் பண்ணாதேங்கோ எண்டு. போன உடன பொனற்றில கையை வைச்சுப் பாருங்கோ, சூடா இருந்தால் உங்களுக்கு முதல் ஆரோ எழுப்பிச் சூடாக்கி வைச்சிருக்கிறாங்கள், காலமைக் குளிருக்க அந்தக் கார் இருமுது எண்டு அர்த்தம். ஸ்ராட் பண்ணேக்க மனுசனைப் பின்னால நிக்கச் சொல்லுங்கோ. நீலப் புகை வந்து நிக்காமல் இருந்தால் ஒயில் எரியுது, விட்டிட்டு வாங்கோ. வெள்ளை கொஞ்சம் வந்து நிண்டால் பறவாயில்லை. ஓடிப்பாக்கிறது இருபது நிமிசத்துக்குக் குறையாமல், ஏசி போட்டு, ரேடியோவை நிப்பாட்டி, கல்லும் பள்ளமுமான ஒழுங்கை ஒண்டுக்குள்ளயும் விட்டு. அதில தப்பினால் உங்கட பக்கத்துக் கராச்காரர் ஒருத்தருக்குக் கூலி குடுத்து உயர்த்திக் கீழ பாக்கச் சொல்லுங்கோ, விக்கிறவர் கூட்டிக்கொண்டு வாற மெக்கானிக் வேண்டாம்.

பழைய சாக்கு ஒண்டும் ரோச் லைற்றும் கொண்டு போங்கோ. சேலையோட போகாதேங்கோ ரீச்சர், காருக்குக் கீழ படுக்க வேண்டி வரும்.